ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் பேஜர் வாங்கலாமா?

கோவை_ஹோட்டல்காரர்:
ஆர்.எஸ்.புரம் பக்கம் எங்கள் ஹோட்டல். நாலு பேர் உட்காரும் மேஜை 15. ஞாயிறு மதியம் வாசலில் நிற்க இடமிருக்காது. ஒரு பையன் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு, இடம் காலியானதும் கத்திக் கூப்பிடுகிறான். அதற்குப் பதில் வட்டமாக ஒரு பேஜர் இருக்குமே, கையில் கொடுத்து அனுப்பினால் முறை வரும்போது அதிர்ந்து லைட் எரியும், அதை வாங்கலாமா என்று யோசனை. சேவைத் தரம் எங்கேயோ உயர்ந்துவிடும் என்கிறார் விற்பவர். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மயிலாப்பூர்_வாசி:
வேண்டாம் சார். ஒரு குடும்பம் சாப்பிட்டு எழ 45 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 15 மேஜைக்கு 3 நிமிடத்துக்கு ஒன்று காலியாகும். வரிசையில் பத்தாவதாக நிற்பவருக்கு அரை மணி நேரம். கையில் பேஜர் இருந்தாலும் அரை மணி, இல்லாவிட்டாலும் அரை மணி. இலையை எடுத்து மேஜை துடைக்க இன்னொரு ஆளைப் போட்டால் அந்த 45 கொஞ்சமாவது இறங்கும். காசை அதில் போடுங்கள்.

சிங்கைக்காரன்:
கணக்கு சரிதான், ஆனால் அந்த அரை மணி நேரம் மனிதன் எங்கே நிற்கிறான் என்பது முக்கியமில்லையா? நம் ஊர்ப் பழக்கம் தெரியுமே, சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, இவர் எப்போது மோர் சாதத்துக்கு வருவார் என்று இலையையே பார்ப்பது. சாப்பிடுகிறவருக்கும் சங்கடம், நிற்பவருக்கும் சங்கடம். பேஜர் கையில் இருந்தால் எதிர்க்கடையில் குழந்தைக்குச் செருப்பு பார்த்துக்கொண்டிருக்கலாம். கொரியாவில் காபிக்கடையில்கூட இதைத்தான் கொடுக்கிறார்கள், கவுண்டரை யாரும் மொய்ப்பதில்லை.

மயிலாப்பூர்_வாசி:
பின்னால் நிற்காதே என்று சொல்ல ரேடியோ அலையில் ஓடும் பேஜர் எதற்கு? வாசலில் ஒரு கயிறு கட்டி நாலு பெஞ்ச் போட்டால் போதாதா?

தேன்மொழி_திருச்சி:
நான் காதில் கருவி மாட்டியிருப்பவள். கூட்டத்தில் அது எல்லா இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும், என் பெயர் மட்டும் தனியாக விழாது. இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு அடுத்தவரை உள்ளே விட்டுவிடுவார்கள், கேட்டால் "கூப்பிட்டோமே மேடம்" என்பார்கள். கையில் ஒன்று அதிர்ந்தால் எனக்கு அது போதும். பெஞ்ச் போட்டால் இது தீராது அண்ணா.

கோடு_எழுதுபவன்:
போன் எல்லோரிடமும் இருக்கிறது, அதுவும் அதிரும். மெசேஜ் அனுப்பிவிட்டால் முடிந்தது. பேஜரைச் சார்ஜில் அடுக்க வேண்டாம், யாரும் பையில் போட்டுக்கொண்டு போகவும் மாட்டார்கள்.

எண்_தரமாட்டேன்:
ஒரு முறை எண்ணைக் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் ஆயுசுக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் பிரியாணி ஆஃபர் வரும். பேஜர் என் பெயரையும் கேட்காது, எண்ணையும் கேட்காது. கடைக்காரருக்கும் அது அவ்வளவு சுலபமில்லை, வியாபார எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி என்ற தொலைபேசி நிறுவனங்களின் பதிவுத் தளத்தில் பதிவு செய்து, வாசகத்துக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஹோட்டல்காரருக்கு ஒன்று சொல்கிறேன்: வாங்குமுன் அலைவரிசையைக் கேளுங்கள். அமெரிக்கச் சந்தைக்குச் செய்தவை பல 450–470 மெகாஹெர்ட்ஸில் ஓடும், இங்கே அதற்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் நம் ஊரில் அனுமதிப்பது 865–868 மாதிரிச் சில பட்டைகளைத்தான்.

முன்னாள்_சப்ளையர்:
எல்லோரும் வாசலிலேயே நிற்கிறீர்கள், கொஞ்சம் உள்ளே வாருங்கள். வளைகுடாவில் நான் வேலை பார்த்த இடத்தில் மாஸ்டர் பொத்தானை அழுத்தினால் என் இடுப்பில் அதிரும், போய்த் தட்டை எடுப்பேன். அதற்கு முன்பெல்லாம் தயாரா தயாரா என்று சமையற்கட்டை எட்டிப் பார்த்தே கால் ஓய்ந்துவிடும், பார்க்காத நேரத்தில் நெய் ரோஸ்ட் முறுகல் போய்த் துவண்டு கிடக்கும். அந்தப் பேஜர் நல்ல பேஜர். பிறகு மேஜைக்கு மேஜை பட்டன் வைத்தார்கள். அழுத்தி எத்தனை வினாடியில் நான் போனேன் என்று மேனேஜர் திரையில் ஓடும். தண்ணீருக்கு ஒரு அழுத்து, டிஷ்யூவுக்கு ஒரு அழுத்து, குழந்தை விளையாட்டுக்கு அழுத்துவது தனி. மாதக் கடைசியில் அந்த வினாடிக் கணக்கை வைத்துத்தான் திட்டு. ஜப்பானிலும் கொரியாவிலும் மேஜை மணி ஒத்துப்போகிறது, ஏனென்றால் அங்கே கூப்பிடாமல் யாரும் பக்கத்தில் வந்து நிற்பதில்லை. நம் சாப்பாட்டுக் கடையில் சாம்பார் வாளியோடு சுற்றுகிறவர் கேட்குமுன்பே ஊற்றிவிடுகிறார், அவருக்கு மணி எதற்கு? பட்டன் வந்தால் அடுத்த மாதம் வாளிக்காரர்களில் ஒருவரை முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிடுவார், அவ்வளவுதான்.

கோவை_ஹோட்டல்காரர்:
தம்பி, யாரை அனுப்புவது? ஆள் வந்தால்தானே! போர்டு மாட்டி எத்தனை நாளாகிறது, எட்டிப் பார்க்க ஆளில்லை. இருப்பவர்கள் வீணாக நடக்காமல் இருக்கத்தான் பட்டன் பற்றியும் யோசிக்கிறேன்.

முன்னாள்_சப்ளையர்:
என்ன சம்பளம் என்று போர்டில் எழுதியிருக்கிறீர்களா அண்ணாச்சி?

மயிலாப்பூர்_வாசி:
நல்ல கேள்வி. வாசல் பேஜர் வாங்கினாலும், கொடுக்கும்போதே "சுமார் அரை மணி ஆகும்" என்று பையனை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பொம்மையைக் கையில் கொடுத்துவிட்டுப் பதில் சொல்லாமல் நழுவுவதைத்தான் நான் முதலிலிருந்தே எதிர்க்கிறேன்.

கோவை_ஹோட்டல்காரர்:
அதைச் சொல்லச் சொல்கிறேன் சார். முதலில் சமையற்கட்டுக்கு ஒரு செட் வாங்கி ஓட்டிப் பார்க்கிறேன், வாசலுக்கு அலைவரிசை விவரம் வந்ததும் முடிவு. தேன்மொழி சொன்னது மனதில் இருக்கிறது. பட்டன் விஷயத்தில் மட்டும் தம்பியோடு எனக்கு ஒத்துவரவில்லை. சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் தனி இழை ஆரம்பியுங்கள், வருகிறேன்.