வார இறுதியில் மூடும் பட்டறைக்கு பயோஃபில்டர் சரிப்படுமா?

உட்லண்ட்ஸ் வார்னிஷ்:
எங்கள் பட்டறையில் மரச்சாமான்களுக்கு வார்னிஷ் அடிக்கிறோம். பகலில் ஒரே ஷிஃப்ட், சனி மதியம் மூடினால் திங்கள் காலை எட்டுக்குத்தான் திறப்போம். மேல்மாடிக்காரர்கள் வாடை தாங்கவில்லை என்கிறார்கள். வெளியே போகும் காற்றில் டொலுவீன், சைலீன், பியூட்டைல் அசிடேட் ஆகிய கரைப்பான்களின் ஆவி இருக்கிறது. கம்போஸ்டும் மரச்சீவலும் நிரப்பி, அதில் வாழும் நுண்ணுயிர்கள் இந்த ஆவியைத் தின்னும்படி செய்யும் பயோஃபில்டர் வைக்கலாமா என்று முதலாளி கேட்கிறார். இப்படி விட்டு விட்டு ஓட்டினால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் பிழைக்குமா?

கரிப்பெட்டி:
வேண்டாம் தம்பி. திங்கள் காலை முதல் டின்னைத் திறக்கும்போதே வாடை முழு வேகத்தில் வரும், பாக்டீரியா அந்த நேரத்தில் தயாராக இருக்காது. இடத்தையும் பாருங்கள். மணிக்கு 10,000 கன மீட்டர் காற்று, அந்தக் கம்போஸ்ட் படுகையில் 45 விநாடி தங்க வேண்டும் என்றால் 125 கன மீட்டர் படுகை தேவை. ஒரு மீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் 125 சதுர மீட்டர் தரை. சிங்கப்பூர் வாடகையில் இது கட்டுப்படியாகாது. ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நுண்துளைகள் உள்ள கரி, முதல் நிமிடத்திலிருந்தே வாடையைப் பிடிக்கும்.

ஈரமண்:
இடம் பற்றிய கணக்கு சரி. ஆனால் அண்ணே, இரண்டு நாள் பட்டினியில் அவை செத்துப்போவதில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டு சேமித்ததைத் தின்றே காலம் தள்ளும். கம்போஸ்டிலும் கொஞ்சம் தீனி உண்டு. கரைப்பானுக்குப் பழகிய படுகை வார இறுதிக்குப் பிறகு பெரும்பாலும் சில மணி நேரத்தில் மீண்டுவிடும். பல வாரம் மூடினால்தான் நாள்கணக்காகும்.

படுகையைக் கெடுப்பது வறட்சியும் மூச்சுத்திணறலும். ப்ளோவரை முழுக்க நிறுத்தினால் ஆக்சிஜன் தீர்ந்து உள்ளே அழுகல் வாடை கிளம்பும். காய்ந்த காற்றை ஊதினால் ஈரம் போய்விடும். 40 முதல் 60 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும். நம் ஊர்க் காற்று ஈரமானதுதானே என்று விட்டுவிடக் கூடாது. 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றுகூடப் படுகையை மெல்ல உலர்த்தும், அதனால் முன்னால் ஈரமூட்டி கட்டாயம். வெப்பம் நமக்குச் சாதகம். இந்த நுண்ணுயிர்களுக்குப் பிடித்தது 25 முதல் 35 டிகிரி. அது இங்கே ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது.

கரிப்பெட்டி:
அந்தச் சில மணி நேரம்தான் பிரச்சினையே. மேல்மாடிக்காரர் புகார் கொடுப்பது திங்கள் காலையில், மத்தியானத்தில் இல்லை. அசிடேட்டைச் சீக்கிரம் தின்றுவிடும், சைலீன் கடைசியில்தான். அப்புறம், ஆளில்லாத இரவிலும் ப்ளோவர் ஓடினால் கரண்ட் பில் யார் கட்டுவது?

ஈரமண்:
மூடிய நேரத்தில் மெதுவாக ஓடினால் போதும், முழு வேகம் வேண்டாம். நீங்கள் சொல்லும் கார்பனும் இலவசமில்லை. ஈரக்காற்றில் அதன் துளைகளைத் தண்ணீரே பிடித்துக்கொள்ளும். கீட்டோன் வகைக் கரைப்பான் கலந்த தின்னர் என்றால் கார்பன் படுகை சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. நிறைந்த கார்பன் நச்சுக் கழிவு, அப்புறப்படுத்தவும் காசு.

செம்பவாங் வாணி:
இரண்டு பேரும் விட்டது ஒன்று. பயோஃபில்டருக்கு முன்னால் சின்னதாக ஒரு கார்பன் படுகை வைக்கலாம். பகலில் வரும் உச்சத்தை அது பிடித்து வைக்கும். இரவில் சுத்தமான காற்று போகும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும், பாக்டீரியாவுக்கு அது தீனி. திங்கள் காலை அதிர்ச்சியும் குறையும். ஆனால் வார்னிஷ் தூசியை முதலில் வடிகட்டாவிட்டால் எல்லாமே அடைத்துக்கொள்ளும். பராமரிப்பு வேலை செய்கிறவள் என்பதால் கேட்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஈரம் பார்க்க யார் வருவார்கள்?

கரிப்பெட்டி:
வாணி, அப்படியானால் பராமரிக்க இரண்டு படுகை. 125 சதுர மீட்டரும் குறையவில்லை. நான் இன்னும் கார்பன் பக்கம்தான்.

ஈரமண்:
தம்பி, பெரிதாக வாங்குவதற்கு முன் ஒரு டிரம்மில் படுகை போட்டு, வெளியேறும் காற்றில் சிறு பகுதியை அதன் வழியாக விடுங்கள். கழிவுநீர் நிலையச் சேறு கொஞ்சம் கலந்தால் சீக்கிரம் பழகும், அப்படியும் சில வாரம் வேண்டும். திங்கள்தோறும் எட்டு முதல் பத்து வரை, நுழையும் காற்றையும் வெளியேறும் காற்றையும் பி.ஐ.டி. மீட்டரால் (காற்றில் உள்ள கரைப்பான் ஆவியை அளக்கும் கருவி) அளந்து எழுதுங்கள். சீனப் புத்தாண்டுக்கு மூடுவீர்கள் அல்லவா, திறந்த முதல் காலை அளவையும் இங்கே போடுங்கள்.