பெரியம்மா ஊருக்குக் கிளம்பியபோது

மாடித்தோட்டக்காரி, மதுரை:

என் மாமியாரின் அக்கா மும்பை மாதுங்காவில் இருக்கிறார். கண்புரை ஆபரேஷனுக்காகப் போன ஆடியில் மதுரை வந்து எங்களோடு தங்கினார். வலது கண் முடிந்தது. இடது கண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. மனுஷி எத்தனை நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பார்? மாடிப்படி ஓரத்துப் பிரம்ம கமலத் தொட்டிதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

தட்டைத் தண்டின் விளிம்பில் மொட்டு தெரிந்த நாளிலிருந்து தினமும் காலையில் ஆஜர். கீழே தொங்கிய மொட்டு பருக்கப் பருக்க, காம்பு வளைந்து மேலே நிமிர்ந்தது. “வெளிச்சத்துக்கு நகர்த்தி வையேன்டி” என்றார். மொட்டு விட்ட பிறகு இடம் மாற்றினால் உதிர்ந்துவிடும் பெரியம்மா என்று தடுத்துவிட்டேன்.

பத்ரிநாத் போய் வந்தவர் என்பதால் இன்னொரு சந்தேகம்: “அங்கே பார்த்த பிரம்ம கமலம் வேற மாதிரி இருந்ததே?” சரியாகத்தான் கேட்டார். இமயமலையில் இருப்பது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, உத்தராகண்டின் மாநில மலர். நம் தொட்டிகளில் வளர்வது மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துக் கள்ளி. முள் இல்லாததால் யாரும் நம்புவதில்லை. “கள்ளியா? அப்போ வீட்டுக்குள்ள வைக்கலாமா?” என்று அடுத்த கவலை வந்துவிட்டது!

பூத்த ராத்திரி எட்டு மணிக்கு மேல் இதழ் விலக ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு அக்கா சூடத்தட்டோடு வந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் படி முழுக்க வாசனை. பெரியம்மா கண்ணாடியைக் கழற்றினார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார், பிறகு வலதைப் பொத்திக்கொண்டு பார்த்தார். மறுபடியும் மாற்றி மாற்றி. “இந்தக் கண்ணுல வெள்ளைப் பூ. அந்தக் கண்ணுல மஞ்சப் பூ. எதுடி நிசம்?” புரை விழுந்த லென்ஸில் மஞ்சள் ஏறியிருக்கும், அதை எடுத்தால்தான் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அவர் அதை டாக்டர் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை, பூவை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

விடிவதற்குள் பூ துவண்டுவிட்டது. அன்றைக்கே ஒரு முற்றிய தண்டை வெட்டி நிழலில் போட்டேன். வெட்டிய இடம் சில நாள் காய வேண்டும், ஈரத்தோடு நட்டால் அழுகும். ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருந்ததால் கணக்கு சரியாக வந்தது. எந்தப் பக்கம் மண்ணுக்குள் போக வேண்டும் என்று தெரிவதற்காக அடிப்பக்கம் சிவப்பு நூல் கட்டி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

நம் வழக்கம்தான் தெரியுமே, அரிசியிலிருந்து தேங்காய் வரை மூட்டை கட்டிவிடுவோம். கனம் தூக்கக் கூடாதவரிடம் அதைக் கொடுத்தால் ஸ்டேஷனிலேயே வம்பு. அதனால் என் பழைய சுங்குடிச் சேலையில் சின்னப் பை ஒன்று தைத்தேன். மருந்து பாட்டில்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், எழுத்தோ பொடி எழுத்து. ஒவ்வொன்றுக்கும் வேறு நிறத்தில் தனித்தனி அறை. ஒரு நாளைக்கு எத்தனை வேளையோ அத்தனை சட்டைப் பொத்தான்களை அந்த அறையின் மேலேயே தைத்துவிட்டேன். கையால் தடவினாலே எண்ணிவிடலாம். வாரா வாரம் டாக்டர் வேளையைக் குறைக்கச் சொல்லியிருந்தார்; அதன்படி ஒரு பொத்தானை வெட்டிவிட்டால் போதும். கூட ஒரு டப்பா அங்காயப்பொடி, தாம்பூலம், ரவிக்கைத்துணி. அவ்வளவுதான்.

பால்கனிவாசி, சென்னை:

பொத்தான் யோசனை பிரமாதம் அக்கா. என் நாத்தனார் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்தபோது எங்கள் வீட்டிலும் இது பூத்தது. அவருக்கும் தண்டு மேல் ஆசை, ஆனால் அந்த ஊருக்கு அது நடக்காது. செடி, விதை எல்லாவற்றையும் இறங்கியதும் சொல்லியாக வேண்டும், அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். போதாக்குறைக்கு கள்ளிகளை நாடு விட்டு நாடு கொண்டுபோக சர்வதேசக் கட்டுப்பாடும் இருக்கிறது. கடைசியில் என் மாமியார் கருநீலத் தலையணை உறையில் வெள்ளை நூலால் அந்தப் பூவை எம்பிராய்டரி போட்டார். நாத்தனார் அதில் தலை வைக்கவே இல்லை, ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டாராம். மாமியாருக்கு அதில் கொஞ்சம் கோபம்தான்.

பெரியம்மாவுக்குக் கொடுத்த தண்டு பிழைத்ததா?

மாடித்தோட்டக்காரி:

வேர் பிடித்துவிட்டது. பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உச்சி வெயில் படாமல், மழைத் தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். சின்னத் தொட்டியே நல்லது, வேர் நெருக்கமாக இருந்தால்தான் நன்றாகப் பூக்கும். பெரிய சிமெண்ட் தொட்டி வாங்கி நாலு மாடி ஏற்றிவிட்ட அவர் பையனுக்குத்தான் இதைக் கேட்டு வருத்தம்.