கிக்கோ மார்டினெஸ் சண்டையை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஸ்பெயின் குத்துச்சண்டை வீரர் கிக்கோ மார்டினெஸைப் பற்றித் தமிழில் யாரும் பேசி நான் பார்த்ததில்லை. இரண்டு எடைப் பிரிவுகளில் உலகச் சாம்பியனாக இருந்தவர், அதுவும் ஒரு பட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே எட்டு வருடம். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அவருடைய முக்கியமான சண்டைகளில் முக்கால்வாசி அடுத்தவர் ஊரில் நடந்தவை என்பதுதான். டப்ளின், நாட்டிங்ஹாம், பெல்ஃபாஸ்ட், ஒசாகா, மான்செஸ்டர், லீட்ஸ் என்று எங்கே கூப்பிட்டாலும் போனார். கூப்பிட்டவர்களுக்குத் தங்கள் பையன் ஜெயித்துக் காட்ட ஒரு தெரிந்த பெயர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நான் நேரில் பார்த்தது 2021 நவம்பர் 13, ஷெஃபீல்டில். எதிராளி கிட் கலஹாத். அந்த ஊரிலேயே வளர்ந்தவர், முன்னாள் உலகச் சாம்பியன் நசீம் ஹமீத் உருவான அதே இங்கிள் ஜிம் வார்ப்பு, ஐபிஎஃப் (உலகப் பட்டம் தருகிற அமைப்புகளில் ஒன்று) ஃபெதர்வெயிட் எடைப் பிரிவுப் பட்டத்தை வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கிக்கோவுக்கு அப்போது வயது 35. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனையாவது சுற்றில் முடியும் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்களே தவிர, யார் ஜெயிப்பார் என்ற பேச்சே இல்லை. முதல் நான்கு சுற்றும் அப்படித்தான் போனது. கலஹாத் இடக்கை நிலை, வலக்கை நிலை என்று மாற்றி மாற்றி நின்று, தூரத்திலிருந்தே நினைத்த இடத்தில் குத்தினார். கிக்கோ தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே நுழைவார், வாங்குவார், மறுபடி நுழைவார்.

ஐந்தாவது சுற்று முடியப்போகிற நேரம். கலஹாத் இரண்டு கைகளையும் கொஞ்சம் தளர்த்தி நேராக நின்றார், ஒரு நொடி இருக்கும். கிக்கோவின் வலது கை தோளுக்கு மேலாகச் சுற்றி வந்து தாடையில் இறங்கியது. கலஹாத் அப்படியே விழுந்தார். எழுந்தார், மணி அடித்தது, ஆனால் மூலைக்கு நடந்துபோன விதத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு நிமிட இடைவேளை அவருக்குப் போதவில்லை. ஆறாவது சுற்று தொடங்கிச் சில நொடிகளில் அதே வலக்கை மறுபடி விழுந்தது, மல்லாந்து கிடந்தார், நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். அவ்வளவு பெரிய அரங்கத்தில் கிக்கோவின் ஆட்கள் ஒரு சின்னக் கும்பல் கத்துவது மட்டும் தனியாகக் கேட்டது. என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து நின்று கைதட்டினேன். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார், பரவாயில்லை.

வேறு யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள். தோற்ற சண்டையாக இருந்தாலும் சரி.

*

தோற்ற சண்டைதான் என்னிடம் இருக்கிறது அண்ணா. 2014 செப்டம்பர், பெல்ஃபாஸ்ட். டைட்டானிக் கப்பல் கட்டிய அந்தப் பகுதியில் உள்ளூர் வீரர் கார்ல் ஃப்ராம்ப்டனுக்காகவே தற்காலிகமாக ஒரு திறந்தவெளி அரங்கம் போட்டிருந்தார்கள், பதினாறாயிரம் பேர். இரவு குளிர் எலும்புவரை ஏறியது. அப்போது உலகச் சாம்பியன் கிக்கோதான், பெல்ட் அவரிடம்தான். ஆனால் அவர் பெயரை அறிவித்தபோது எழுந்த கூச்சலைக் கேட்டிருந்தால், பட்டத்தைத் திருட வந்தவர் அவர் என்று நினைத்திருப்பீர்கள்.

2013 பிப்ரவரியில் இதே ஊரில் ஃப்ராம்ப்டனிடம் ஒன்பதாவது சுற்றில் நாக் அவுட் ஆனவர். அதற்குப் பிறகு உலகப் பட்டத்தை ஜெயித்த ஒருவர், தன்னை வீழ்த்தியவனுடைய வாசலுக்கே பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு வருவாரா? இவர் வந்தார். ஐந்தாவது சுற்றில் கீழே விழுந்தார், எழுந்தார். புள்ளிக் கணக்கில் பார்த்தால் சண்டை ஒருதலைப்பட்சம்தான், மூன்று நடுவர்களும் பெரிய வித்தியாசத்தில் ஃப்ராம்ப்டனுக்குக் கொடுத்தார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் பன்னிரண்டு சுற்றிலும் அந்த மனிதர் பின்வாங்கி நான் பார்க்கவில்லை. கடைசிச் சுற்றில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர், முழுக்க ஃப்ராம்ப்டன் ஆள், “இந்தச் சின்னப் பையன் நிற்கவே மாட்டானா” என்று கேட்டார். கோபமாக இல்லை, மரியாதையாகத்தான் கேட்டார்.

*

நான் சில வருடம் அலிகாந்தேயில் வேலை பார்த்தேன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற டொர்ரெயானோதான் கிக்கோவின் ஊர், எல்ச்சே நகராட்சியில் சேர்ந்தது. எல்ச்சே என்றால் ஸ்பெயின்காரர்களுக்குச் செருப்புத் தொழிலும் பேரீச்சந்தோப்பும்தான். அந்தத் தோப்பு யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, நகரத்துக்கு நடுவிலேயே ஆயிரக்கணக்கான மரங்கள்.

2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டியில் கொலம்பியாவின் ஜோனாத்தன் ரொமேரோவை ஆறாவது சுற்றில் நிறுத்தி, ஐபிஎஃப் சூப்பர் பேன்டம்வெயிட் (ஃபெதர்வெயிட்டுக்கு ஒரு படி கீழே) பட்டத்தை வாங்கினார் அல்லவா, அதைத் தக்கவைத்துக்கொள்ளும் முதல் சண்டை அந்த டிசம்பரில் எல்ச்சேயிலேயே நடந்தது. அலுவலகத்து நண்பர் ஒருவர் கூட்டிப் போனார். எதிராளி தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரி மத்தெபுலா. இரண்டு பேரும் ரிங்கில் எதிரெதிரே நின்றபோது பக்கத்தில் யாரோ சிரித்தே விட்டார்கள், ஏனென்றால் கிக்கோ ஐந்தடி ஐந்து அங்குலம், அவரோ அந்த எடைக்கு நம்ப முடியாத உயரம். கிக்கோவின் முகம் அவர் மார்புக்குத்தான் வந்தது. கிக்கோவும் அந்த மார்பை விட்டு நகரவே இல்லை! விலாவிலும் வயிற்றிலும் குத்தி, நீளக் கைகள் கீழே இறங்க இறங்க மேலே போய், ஒன்பதாவது சுற்றில் முடித்துவிட்டார். உடம்பைக் குத்தினால் தலை தானாக வரும் என்று குத்துச்சண்டை சொல்லித்தருகிறவர்கள் சொல்வதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அவரைச் சொந்த ஊர்க்காரர்கள் நடுவில் பார்த்ததும் அந்த ஒரு தடவைதான். பாட்டிமார்கூட வந்திருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு இன்னமும் வருத்தம். ஸ்பெயினில் குத்துச்சண்டைக்கு மதிப்பே இல்லை. எல் பாயிஸ் என்கிற பெரிய நாளிதழ், யாருக்காவது அடிபட்டாலோ இந்தத் தொழிலின் அழுக்கைக் காட்டுவதாக இருந்தாலோ ஒழியக் குத்துச்சண்டைச் செய்தி போடக்கூடாது என்று தன் எழுத்து விதிகளிலேயே எழுதி வைத்திருந்தது. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு உலகச் சாம்பியன் என்ன செய்வார்? ஒசாகாவுக்குப் போனார், 2014 ஏப்ரலில் ஜப்பானின் ஹொசூமி ஹசெகாவாவை அவர் நாட்டிலேயே ஏழாவது சுற்றில் நிறுத்தினார். அப்புறம் பெல்ஃபாஸ்டுக்குப் போனார். அவர் எப்போதும் அடுத்தவர் ஊரில் சண்டை போட்டதற்குத் துணிச்சல் பாதி காரணம். மீதிப் பாதி, பணமும் கூட்டமும் தொலைக்காட்சியும் அங்கேதான் இருந்தன. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

*

மேலே சொன்னதை ஆமோதிக்கிறேன். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஸெல்ஃபா பேரெட்டுடன் லண்டனில் நடந்த சண்டையைப் பாருங்கள். கொரோனா காலம், பார்வையாளர்களே இல்லை, நான் வீட்டில் திரையில்தான் பார்த்தேன். கிக்கோ ஜெயித்துவிட்டார் என்று நினைத்த பலரில் நானும் ஒருவன், நடுவர்கள் பேரெட்டுக்குக் கொடுத்தார்கள். விருந்தாளியாகப் போகிறவருக்கு நெருக்கமான சுற்றுகள் கிடைப்பதில்லை. அதனால்தான் அவர் நாக் அவுட்டை நம்பியே வாழ்ந்தார் என்று தோன்றுகிறது.

லீட்ஸில் 2022 மார்ச்சில் உள்ளூர் வீரர் ஜோஷ் வாரிங்டனிடம், கலஹாத்திடமிருந்து வாங்கிய பட்டத்தை இழந்தபோது நேரில் இருந்தேன். முதல் சுற்றிலேயே விழுந்தார், ஏழாவதில் நடுவர் நிறுத்தினார். காதே அடைத்துப்போகிற சத்தம். ஆனால் ஜெயித்த வாரிங்டனுக்குத் தாடை எலும்பு உடைந்திருந்தது, கையும் முறிந்திருந்தது. அடுத்த நாள் அதைப் படித்துவிட்டு, தோற்றவரின் கை என்ன கை என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

*

கதை அதோடு முடிந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதனால் சொல்கிறேன். 2022 அக்டோபரில் லண்டன் வெம்ப்ளியில் அயர்லாந்து வீராங்கனை கேட்டி டெய்லர் சண்டைக்குப் போயிருந்தோம். அதே மேடையில் ஜோர்டன் கில் வைத்திருந்த ஐரோப்பிய ஃபெதர்வெயிட் பட்டத்துக்குக் கிக்கோ இறங்கினார், வயது 36. என் மகள் கேட்டி டெய்லருக்காக வந்தவள், கிக்கோ யாரென்றே தெரியாது. நாலாவது சுற்றில் கில் எழ எழக் கிக்கோ அவரை விழ வைத்து முடித்தார். அவளும் என்னோடு சேர்ந்து கத்தினாள்.

அவர் முதன்முதலாக ஐரோப்பியப் பட்டம் வாங்கியது எப்போது தெரியுமா? 2007 ஆகஸ்ட், டப்ளின். தோல்வியே தெரியாத பெர்னார்ட் டன்னை, அவர் சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் 86 வினாடியில் சாய்த்தார். அப்போது வயது 21. அந்த டன் சாதாரண ஆள் இல்லை, பிறகு 2009இல் உலகச் சாம்பியன் ஆனவர். பதினைந்து வருடம் கழித்து அதே ஐரோப்பியப் பட்டத்தை மேல் எடைப்பிரிவில் வாங்குகிற உடம்பையும் மனசையும் என்னவென்று சொல்வது.

அந்த டப்ளின் சண்டையை நேரில் பார்த்த தமிழர்கள் அயர்லாந்தில் யாராவது இருக்கிறீர்களா? ஒசாகாவுக்குப் போனவர்கள் இருந்தாலும் எழுதுங்கள், ஹசெகாவா சண்டையைப் பற்றிக் கேட்க ஆசை.