களுவாஞ்சிக்குடி மணற்காணியில் புதிய தோட்டம்: முதலில் எந்தக் கருவிகளை வாங்கலாம்?

களுவாஞ்சிக்குடி ரீச்சர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால், வீட்டின் பின்பக்கம் வெறுமையாகக் கிடக்கும் நிலத்தில் கத்தரி, வெண்டி, பச்சைமிளகாய், பயற்றை ஆகியவற்றை வைக்க எண்ணியுள்ளேன். காணி கடற்கரைப் பக்கமாக இருப்பதால் மண் முழுவதும் மணல்தான். தண்ணீருக்குக் கிணறு உண்டு. மாரி மழை பிடிப்பதற்கு முன்னரே பாத்திகளை ஆயத்தம் செய்ய விரும்புகிறேன். வீட்டில் கத்தியைத் தவிர வேறு கருவி எதுவும் இல்லை.

கல்முனையில் ஒரு கடையில் சிறு கரண்டி, மண்ணைக் கிளறும் சிறு முள்ளு, கையுறை, தெளிகருவி என்று பத்துப் பொருட்களை ஒரு பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள். பார்க்க அழகாக இருந்தாலும், ஓய்வூதியத்தில் வாங்குவதால் எது உண்மையில் பயன்படும் என்று அறிந்த பின்பே பணம் கொடுக்க விரும்புகிறேன். வலது மணிக்கட்டில் வலி இருப்பதால் பாரமான கருவியை நீண்ட நேரம் பிடிக்க இயலாது என்பதையும் கருத்தில் எடுத்து ஆலோசனை கூறுங்கள்.

வெல்லாவெளி வயற்காரன்

ரீச்சர், அந்தப் பெட்டி வேண்டாம். அப்படிப்பட்ட பெட்டிகளில் வரும் கரண்டியும் முள்ளும் பெரும்பாலும் மெல்லிய தகட்டை அழுத்திச் செய்தவை. பிடிக்குள் இறங்கும் கம்பி குட்டையாக இருப்பதால், வேரோடிய கோரையை ஒரு தடவை நெம்பினாலே கழுத்து வளைந்துவிடும்.

முதலில் ஒரு மண்வெட்டி வாங்குங்கள். எங்கள் படுவான்கரைப் பக்கத்தில் வரம்பு கட்டப் பாவிக்கும் அகன்ற, பாரமான மண்வெட்டி உங்களுக்கு ஏற்றதல்ல. களிமண்ணுக்குள் இறங்குவதற்குத்தான் அந்தப் பாரம் உதவுகிறது, மணலில் அது கையைக் களைக்கப்பண்ணுமே தவிர வேலையைக் கூட்டாது. ஆகவே நிறை குறைந்த, சிறிய இலை (வெட்டும் தகடு) உள்ளதைக் கேளுங்கள். பிடி போடாத இலையைக் கையில் வாங்கி, பிடி நுழையும் கண்ணைச் சுற்றி வெடிப்பு உள்ளதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பின்னர் அதைத் தூக்கிப் பிடித்து ஒரு ஆணியால் தட்டினால், நல்ல உருக்கு நீண்டு ஒலிக்கும். வெடித்த இலையின் ஓசை அடைத்துக் கேட்கும்.

பிடியையும் இதே கவனத்துடன் தெரிய வேண்டும். மரத்தின் நார் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நேராக ஓட வேண்டும்; நார் சரிந்து பக்கவாட்டில் வெளியேறும் இடத்தில்தான் பிடி முறியும். குட்டைப் பிடி இடுப்பை வளைக்கும் என்பதால் உங்கள் உயரத்துக்குச் சற்று நீளமானதையே போடச் சொல்லுங்கள். பிடி தளர்ந்தால் பலர் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், ஆனால் மரம் உலர்ந்ததும் அது மீண்டும் ஆடத் தொடங்கும். ஆப்பு அடித்து இறுக்குவதே நிலைக்கும் வழி. ஒரு அரம் வாங்கி வைத்தால் விளிம்பையும் அவ்வப்போது தீட்டிக்கொள்ளலாம். பெரிய முள்ளு மணற்காணிக்குத் தேவையில்லை, அலவாங்கை அயலில் இரவல் வாங்கலாம்.

அக்கரைப்பற்று போதனாசிரியர் (ஓய்வு)

சகோதரி, மண்வெட்டியைப் பற்றித் தம்பி எழுதியது முற்றிலும் சரி. ஆயினும் முதற் பணம் மண்வெட்டிக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மணலைக் கிண்டுவது எளிது, அதில் ஈரத்தை நிறுத்துவதுதான் கடினம். மாரி முடிந்து, கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் காணாமற் போய்விடும். எனவே நம் கரையோரத்தில் நல்ல பூவாளிதான் முதற் கருவி என்பது என் உறுதியான கருத்து.

வாளியால் சாய்த்து ஊற்றினால் மணல் கரைந்து நாற்றின் வேர் வெளியே தெரியும்; நுண்துளைத் தலையுள்ள பூவாளி மழையைப் போல் பரப்பி ஊற்றும். தலையைக் கழற்றிக் கழுவக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் கிணற்று நீரோடு வரும் மணல் சில நாட்களிலேயே துளைகளை அடைத்துவிடும். ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ என்பதால், 10 லீற்றர் பூவாளியை நிரப்பினால் 10 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டியிருக்கும். மணிக்கட்டு வலியுள்ள நீங்கள் 5 லீற்றர் பூவாளிகள் இரண்டை எடுத்துக் கைக்கு ஒன்றாகச் சுமந்தால் பாரம் இரு பக்கமும் ஒத்துப்போகும். தகரப் பூவாளி உப்புக் காற்றில் பொருத்துகளில் துருவேறும். பிளாஸ்டிக் போதும், ஆனால் வெயிலில் விடாதீர்கள்.

மணலுக்குக் கூட்டெருவும் மாட்டெருவும் நிறைய வேண்டும் என்பதால், அவற்றை அள்ளிச் செல்ல மேசன்மார் பாவிக்கும் தாச்சி ஒன்று மிகவும் உதவும். கையுறையையும் தவிர்க்க வேண்டாம். பழைய வளவுகளில் போத்தல் ஓடும் துருப்பிடித்த ஆணியும் புதைந்து கிடக்கும். ஏற்பு (ரெட்டனஸ்) ஊசி போட்டு நீண்ட காலமாகியிருந்தால் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பயிர் பற்றிய ஐயங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

களுவாஞ்சிக்குடி ரீச்சர்

இருவருக்கும் மிக்க நன்றி. பெட்டி எண்ணத்தைக் கைவிட்டேன். நாற்று நடும் கரண்டியை எவர்சில்வரில் எடுப்பதா, சாதாரண இரும்பில் எடுப்பதா? கொப்பு வெட்டும் கத்தரியான செக்கட்டேரும் இப்போதே தேவைப்படுமா?

ஆரையம்பதி நாற்றுமேடை

ரீச்சர், எங்கள் நாற்றுமேடையும் மணலில்தான் உள்ளது. மண்வெட்டிக்கு உருக்கே சிறந்தது. கரண்டியைப் பொறுத்தவரை கடற்காற்றுக்கு எவர்சில்வர் நல்ல தெரிவு. இலையும் கழுத்தும் ஒரே துண்டாக இருக்க வேண்டும், குழிவும் ஆழமாக இருக்க வேண்டும். சிலர் மேசன் கரண்டியால் நடலாம் என்பார்கள். அது தட்டையாக இருப்பதால் உலர்ந்த மணல் இரு பக்கமும் வழிந்து, தோண்டிய குழி உடனே மூடிவிடும். வேலை முடிந்ததும் இரும்புக் கருவிகளைக் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசிய துணியால் ஒரு தடவை தடவி வையுங்கள். கழிவு எஞ்சின் ஒயில் பூசும் பழக்கம் மரக்கறித் தோட்டத்துக்கு வேண்டாம், அது மண்ணில் சேரும்.

செக்கட்டேர் காய்க்கும் காலத்தில் வாங்கினால் போதும். கத்தரிக்காயின் காம்பு கடினமானது, கையால் இழுத்தால் கிளையும் சேர்ந்து கிழியும். இரு அலகுகளும் கத்தரிக்கோல் போல் ஒன்றையொன்று உரசிக் கடந்து செல்லும் வகையைக் கேளுங்கள். ஓர் அலகு தட்டையான அடிப்பாகத்தில் போய் அழுந்தும் வகை பச்சைத் தண்டை நசுக்கும், அது காய்ந்த கொப்புகளுக்கே பொருந்தும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். கத்தரியோ தக்காளியோ இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடினால், அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, தெளிந்த தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையில் வெட்டுமுகம் நீரில் தொடும்படி பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெண்மையான இழை கீழ்நோக்கி இறங்கினால் அது பற்றீரியா வாடல் நோய். கருவியில் ஒட்டும் மண்ணோடும் சாற்றோடும் அது அடுத்த பாத்திக்குச் செல்லும் என்பதால், அந்தச் செடியை வேரோடும் சுற்றியுள்ள மண்ணோடும் அகற்றிய பின், மண்வெட்டி, கரண்டி, கத்தி மூன்றையும் சவர்க்காரமிட்டுக் கழுவி, 70 வீத அற்ககோலால் துடைத்துவிட்டே அடுத்த செடியைத் தொடுங்கள்.