ஐவர் சேர்ந்து விளையாட நிலவறை விளையாட்டு: எதை வாங்கலாம்?

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் கரம் பலகையும் 304 சீட்டாட்டமும் ஓயாது. இப்போது பிள்ளைகளுக்கு, நிலவறைக்குள் இறங்கி அரக்கர்களோடு போரிட்டுப் புதையல் எடுக்கும் பலகை விளையாட்டு ஒன்று வேண்டுமாம். எனக்கும் அதே ஆசைதான். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வரும் மச்சான் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

குளூம்ஹேவன் (2017) பலரும் புகழும் விளையாட்டு. ஆனால் பெட்டி பத்துக் கிலோவுக்கு அருகில். பயணப்பொதியில் பாதியை அதுவே விழுங்கிவிடும். அதன் சிறிய வடிவமான ஜோஸ் ஒஃப் த லயன் (2020) விதிகளை முதல் சில ஆட்டங்களிலேயே படிப்படியாகக் கற்றுத்தருகிறது. அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இரண்டிலும் நால்வருக்குத்தான் இடம், நாங்கள் ஐவர். அம்மாவை வெறுமனே பார்க்கவிட்டு விளையாட எனக்கு மனமில்லை.

1989இல் முதலில் வந்து 2021இல் மறுபதிப்பான ஹீரோகுவெஸ்ட்டில் நான்கு வீரர்கள், எதிரிப் படையை நடத்த ஒருவர் என ஐவரும் அமரலாம். நானே எதிரியாக இருந்து கதையைத் தமிழில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, ஆனால் 304இல் விழுந்த சீட்டு ஒவ்வொன்றும் அவருக்கு நினைவிருக்கும்.

ஒன்பது வயது மகனோடும் பாட்டியோடும் இதை விளையாடியவர்கள் இருக்கிறீர்களா? சீட்டுகளில் உள்ள ஆங்கிலம் ஆட்டத்தைத் தடுக்குமா? ஐவருக்கு இதைவிட நல்லது இருந்தால் அதன் பெயரையும் சொல்லுங்கள்.