எதுவுமே தெளிவாகத் தெரியாதபோது எப்படி முடிவெடுத்தீர்கள்?

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

எனக்குத் திண்டிவனம் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் இருந்தேன். 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தபோது ஹாஸ்டலில் ஆறு பேர் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். 21 நாள் என்றார்கள். நான் ஊர் வந்து சேர மே மாதம் ஆகிவிட்டது. "கூப்பிடும்போது வாங்க" என்பதோடு கான்ட்ராக்டர் பேச்சை முடித்துக்கொண்டார்.

செப்டம்பரில் கூப்பிட்டார்கள். சம்பளம் முன்பைவிட 2,500 குறைவு. அதே வாரம் வீட்டில் ஒரு வரன் வந்தது. மூன்றாவதாக, என் மனதில் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 இருந்தது. கடைசித் தேர்வு 2019 செப்டம்பர் 1 அன்று நடந்திருந்தது. அடுத்தது எப்போது என்று ஒரு தகவலும் இல்லை. யூடியூப்பில் தினமும் ஒருவர் "இந்த மாதம் உறுதி" என்பார். மாதம் முடியும், ஒன்றும் வராது.

எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. கிளை நூலகம் மறுபடி திறந்ததும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். ஜன்னலோரம் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். தலை நிமிராமல் படிப்பார். ஒருநாள் மதியம் கரண்ட் போய், உள்ளே புழுக்கம் தாங்காமல் இரண்டு பேரும் வாசல் படிக்கு வந்துவிட்டோம்.

"நீ எதுக்குப் படிக்கிற?" என்றார்.

"கவர்மென்ட் வேலைக்கு அக்கா."

"அது இல்ல. எதுவரைக்கும் படிக்கப் போற?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் உள்ளே போய்த் தன் நீளமான நோட்டை எடுத்து வந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தார். ஸ்கேல் வைத்து நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் செலவு: பஸ், ஜெராக்ஸ், டெஸ்ட் பேட்ச் பீஸ். வலது பக்கத்துக்கு "வராமப் போனது" என்று தலைப்பு. ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையை விட்டுவிட்டுத்தான் படிக்க வந்திருக்கிறார். அங்கே வாங்கிய 8,500 ரூபாயை மாதம் மாதமாக எழுதி ஆறு வருடத்துக்குக் கூட்டியிருந்தார். ஆறு லட்சத்தைத் தாண்டிய அந்தத் தொகைக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. அதற்கும் கீழே "தம்பி காலேஜ் - அப்பா வட்டிக்கு வாங்கினது" என்று ஒரு வரி. அந்த வரிக்கு நேரே தொகை எதுவும் எழுதவில்லை.

"இடது பக்கத்தை எல்லாரும் எழுதுவாங்க. வலது பக்கத்தை நான் போன வருஷம் தேர்வு போனதுக்கு அப்புறம்தான் எழுதினேன்" என்றார். 2019-ல் இரண்டே கேள்வியில், அதாவது மூன்று மதிப்பெண்ணில், வாய்ப்பை விட்டிருக்கிறார். "தை ஒண்ணாம் தேதி வரைக்கும் பார்ப்பேன். நோட்டிபிகேஷன் வந்தா உண்டு, இல்லன்னா கிளம்பிடுவேன். நீ முதல்லயே தேதி போட்டுக்கோ. அப்படியே டைப்ரைட்டிங் கிளாஸ் சேர்ந்துடு. எக்ஸாம் வந்தாலும் வராட்டியும் அது உன் கையில நிக்கும்."

சொன்னபடியே தை பிறந்ததும் புதுச்சேரியில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதப் போய்விட்டார். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமச்சீர் தமிழ்ப் புத்தகங்களை ஒரு கட்டைப் பையில் போட்டு எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு.

நான் 2021 தீபாவளி வரைக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். தொழிற்சாலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வரனைத் தள்ளிவைத்தார்கள். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் முடித்தேன். அந்த செப்டம்பரில் நேரடி நியமனத்துக்கான வயது வரம்பை அரசு இரண்டு ஆண்டு உயர்த்தியது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் கெடுவைத் தள்ளிப்போட்டார்கள். எனக்கும் ஆசை வந்தது. ஆனால் தீபாவளி வந்தது, அறிவிப்பு வரவில்லை. மறுவாரமே ஒரு ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்தேன். டைப்ரைட்டிங் சான்றிதழைப் பார்த்துத்தான் எடுத்தார்கள்.

நாலைந்து மாதத்தில், 2022 மார்ச் கடைசியில், அறிவிப்பு வந்துவிட்டது. 7,301 இடம். விண்ணப்பித்தவர்கள் 22 லட்சத்துக்கு மேல். காலை நாலரைக்கு எழுந்து படித்து ஜூலை 24 அன்று எழுதினேன். தமிழ் நன்றாகப் போனது, பொது அறிவு கைவிட்டுவிட்டது. முடிவு வர அடுத்த மார்ச் ஆனது. எனக்கு இடம் கிடைக்கவில்லை. வேலைக்குப் போகாமல் முழு நேரமும் படித்திருந்தால் கிடைத்திருக்குமோ என்று ஒரு வருடம் முழுக்க மனது அரித்தது உண்மை.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், ஆபீசில் ஒரு புது மென்பொருள் வந்திருக்கிறது. பில்லைப் போட்டோ எடுத்துப் போட்டால் அதுவே என்ட்ரி போட்டுவிடுகிறது. மூன்று பேர் செய்த வேலை அது. சார் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மறுபடியும் அதே வாசல் படியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. நீங்கள் இப்படி நின்ற நேரத்தில் யாரைச் சந்தித்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

*

திருப்பூரிலிருந்து

தங்கச்சி, படித்தேன். எனக்குப் பதினாலு மிஷின் உள்ள ஜாப் ஒர்க் யூனிட். ஏற்றுமதிக் கம்பெனி கட்டிங் பண்ணிக் கொடுக்கும், நாங்கள் தைத்துக் கொடுப்போம். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் எனக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர் நின்றுவிட்டது. ஜூன் மாதம்தான் ஆறு புது மிஷினுக்கு நாற்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். தீபாவளி போனஸ் வேறு எதிரே நிற்கிறது. மிஷினை எடுப்பதா, அட்வான்ஸை விடுவதா, ஆளைக் குறைப்பதா? ராத்திரி தூக்கமே இல்லை.

அனுப்பர்பாளையம் பக்கம் பேக்கரியில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். நான் டெய்லராக இருந்தபோது அவரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைத்திருக்கிறேன். 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறை எல்லாம் மூடினார்களே, அப்போது ஊரே நின்றுபோனது. துணி உண்டு, சாயம் போட இடமில்லை. அவர் என்ன செய்தார் என்று கேட்டேன். "மாடி போர்ஷனைக் காலி பண்ணினேனுங்க. வண்டியை வித்தேன். ஓவர்லாக் மிஷின் ரெண்டைக் கொடுத்தேன். பழைய டெய்லர்ல ஒருத்தனையும் அனுப்பல. உள்ளூர் டீசர்ட் எடுத்து, அரை வாரமாவது வேலை கொடுத்தேன். மிஷின் எப்ப வேணாலும் கிடைக்கும். ஊருக்கு ரயில் ஏறுனவன் திரும்பி வருவானுங்களா?"

மறுநாளே அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். சென்னை, கேரளா கடைகளுக்குப் போகும் டீசர்ட் எடுத்தோம். ரேட் குறைவு. பேட்லாக் தையல் மிஷின் ஓட்டும் அம்மா ஒருவரிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். அவரே மற்றவர்களிடம் பேசி, போனஸை இரண்டு தவணையாக வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வைத்தார். இரண்டாவது தவணை பொங்கலுக்கு. அதுவரை பதினாலு பேரும் இருக்கிறார்கள். அதற்கு மேல் எனக்கு இப்போது தெரியாது. ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது.

உங்கள் சாரிடம் நேராகப் போய்க் கேட்டுவிடுங்கள். முதலாளி வாய் திறக்காமல் இருந்தால், அவருக்கும் வழி தெரியவில்லை என்று அர்த்தம். நானும் அப்படித்தான் ஒரு மாதம் இருந்தேன்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து

நான் ஒரு ஆசிரியை. எங்கட நாட்டில் 2022 எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். மின்வெட்டு, எரிவாயு இல்லை, பெற்றோலுக்கு இரண்டு நாள் வரிசை. அந்த வருடம் அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. ஓய்வூதியமும் சேவை மூப்பும் பாதிக்காது என்றும் அதில் இருந்தது. பாடசாலையில் இடைவேளை முழுக்க அதே கதை. நானும் படிவத்தை நிரப்பிக் கைப்பையில் வைத்திருந்தேன்.

பெற்றோல் வரிசையில் ஸ்கூட்டியோடு நின்றபோது, எனக்குப் படிப்பித்த பாடசாலை அதிபர் ஒருவர் இரண்டு மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் நின்றார். எண்பது வயதை நெருங்கியவர். கையில் ஒரு போத்தில் தண்ணீர், தலையில் துவாய். படிவத்தைப் பற்றிச் சொன்னேன். "நல்லது பிள்ளை. போய் இறங்கின மற்ற நாள் காலமை எங்க போவாய்?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. என்ன வேலை, யாருடைய வீடு, ஒன்றுமே யோசிக்கவில்லை. இங்கே இருந்து போனால் போதும் என்பது மட்டும்தான் என்னிடம் இருந்தது. அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வரிசை நகர்ந்தது, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

நான் போகவில்லை. என்னோடு படிப்பித்த ஒருத்தி போனாள். அவளிடம் அந்தக் காலமைக்குப் பதில் இருந்தது: தமையன் வீடு, முதியோர் பராமரிப்பு வேலை, சம்பளம் எவ்வளவு என்பது வரைக்கும். நல்லாக இருக்கிறாள். பிறகு பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்து, கிழமைக்கு நாலு லீற்றர் என்று தந்தபோது அந்த நாலு லீற்றரில் பாடசாலைக்குப் போய் வந்தேன். நான் எடுத்ததும் சரி, அவள் எடுத்ததும் சரி என்றுதான் நினைக்கிறேன்.

*

பெங்களூரிலிருந்து

தேதி வைப்பது பற்றி எனக்கு வேறு அனுபவம், அதையும் சொல்ல வேண்டும். 2022-ல் கேம்பஸில் ஒரு பெரிய ஐடி கம்பெனியின் ஆபர் லெட்டர் கிடைத்தது. சேரும் தேதி வரவே இல்லை. மெயில் போட்டால் "விரைவில்" என்று பதில். பதினோரு மாதம் பார்த்துவிட்டு, இனி மூன்று மாதம்தான் என்று கெடு வைத்தேன். அது முடிந்த அன்று ஒரு சின்னக் கம்பெனியில் சப்போர்ட் வேலையில் சேர்ந்து, ஒரு வருடத்துக்கு உடன்படிக்கையும் போட்டேன். பதினாறாவது நாள் பெரிய கம்பெனி கூப்பிட்டது.

கெடு தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்தப் பதினாறு நாள் இன்றைக்கும் வலிக்கிறது. தேதி வைத்துக்கொண்டால் வலிக்காது என்று நம்பி யாரும் வைக்க வேண்டாம்.

*

திண்டிவனம், மறுபடியும்

பெங்களூர் தம்பி, எனக்கு அந்த நாலைந்து மாதம் வலித்ததை அப்படியே எழுதிவிட்டீர்கள். டீச்சர், உங்கள் அதிபரின் கேள்வியை இரண்டு நாளாக மனதிலேயே வைத்திருக்கிறேன்.

திருப்பூர் அண்ணன் சொன்னதால் இன்று சாரிடம் கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "என்ட்ரிக்கு ஒருத்தர் போதும்மா. ஜிஎஸ்டி நோட்டீசுக்குப் பதில் எழுத ஆள் இல்ல, நீ கத்துக்கிறியா?" என்றார். ஆறு மாதம் கூட உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறார். சம்பளம் ஏறாது. மற்ற இரண்டு பேர் என்ன ஆவார்கள் என்று கேட்டேன், பதில் வரவில்லை. அதை நினைத்தால் சந்தோஷப்பட முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அக்கா கொடுத்த கட்டைப் பையை எடுத்தேன். எட்டாம் வகுப்புப் புத்தகத்துக்குள் அவருடைய ஸ்கேல் இருந்தது. என் நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திறந்து கோடு போட்டிருக்கிறேன். வைகாசி முடிய என்று மேலே எழுதியாகிவிட்டது. வலது பக்கம் இன்னும் எழுதவில்லை. அப்பாவிடம் பேசிவிட்டு எழுதலாம் என்று வைத்திருக்கிறேன்.

அண்ணா, பொங்கலுக்கு அப்புறம் பதினாலு பேரும் இருக்கிறார்களா என்று ஒரு வரி எழுதுங்கள்.