தாத்தா செய்துகொண்டார், அதன்பிறகு ஏன் பெண்களுக்கு மட்டும்?

கம்பம் பேரன்:
தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், பத்திரங்களுக்கு நடுவே ஒரு சீட்டு கிடைத்தது. 1971இல் முகாமில் வாசக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை ஆப்பரேஷன், செய்துகொண்டதற்கான சான்று. ஓரத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம். உயிரோடு இருந்தவரை இதைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. அப்பா காலத்தில் அம்மாவுக்குத்தான் கருத்தடை ஆப்பரேஷன், பிறகு அக்காவுக்கும். நடுவில் என்ன ஆச்சு?

மலையடிவாரம்:
அந்தக் காலத்தில் ஆண்களுக்குத்தான் முகாமே. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 63,000 பேருக்கு மேல் செய்தார்கள். 1975-77 எமர்ஜென்சியில்தான் எல்லாம் கெட்டது.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
தம்பி, 1984லிருந்து கிராம சுகாதார செவிலியரா இருந்தவ நான். 1952லயே, உலகத்துல முதல் நாடா, நம்ம அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை ஆரம்பிச்சுது. 1976-77ல ஒரே வருஷத்துல 82 லட்சம் ஆப்பரேஷன், அதுல 62 லட்சம் ஆம்பளைங்க. வடக்கே போலீசை வச்சுப் பிடிச்சுட்டுப் போன ஊரெல்லாம் உண்டு. தேர்தல்ல ஆட்சி போச்சு, அடுத்த வருஷம் மொத்தமே 10 லட்சத்தைத் தொடல. திட்டத்தோட பேரையே 'குடும்ப நலம்'னு மாத்தினாங்க. அதுக்கப்புறம் ஆம்பளைங்க பக்கம் போக எல்லாருக்கும் பயம். ஆனா இத்தனை பேருக்கு ஆப்பரேஷன் பண்ணணும்ங்கிற டார்கெட் மட்டும் போகல, பொம்பளைங்க மேல வந்து விழுந்துச்சு.

வருஷக் கணக்கு முடியற மார்ச் மாசம் வந்தா எங்களுக்குத் தூக்கம் கிடையாது. "எத்தனை கேஸ்?" இதுதான் மீட்டிங்கில முதல் கேள்வி. ஒரு முகாம்ல கட்டில் பத்தாம, ஆப்பரேஷன் முடிஞ்ச பொண்ணுங்களைத் தரையில ஜமக்காளம் விரிச்சு வரிசையாப் படுக்க வச்சோம். ஒரு பொண்ணு மயக்கம் தெளியாமலே கைக்குழந்தைக்காகத் துழாவினா. நான்தான் குழந்தையைத் தூக்கி அவ பக்கத்துல போட்டேன். புருஷன் வெளியே வேப்பமரத்தடியில உக்காந்திருந்தார். அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்ததே நான்தான். அது இன்னும் மனசுல உறுத்துது.

1996ல டார்கெட்டை எடுத்தாங்க. பழக்கம் மட்டும் போகல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல, கல்யாணமானவங்கள்ல பெண் கருத்தடை ஆப்பரேஷன் 37.9 சதவீதம், ஆண் கருத்தடை ஆப்பரேஷன் 0.3. இத்தனைக்கும் வாசக்டமிதான் சின்ன வேலை, வயித்தைத் திறக்கவே வேண்டாம்.

கம்பம் பேரன்:
அம்மாவிடம் கேட்டேன். மழைக்காலத்தில் அந்தத் தையல் இன்னும் இழுக்கிறதாம். இத்தனை வருஷத்தில் யாருமே கேட்டதில்லை என்றார். கார்த்திகையில் எங்களுக்கு இரண்டாவது குழந்தை. நானே செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். எத்தனை நாள் லீவு போடணும், நர்ஸ் அம்மா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
ரெண்டு நாள் ஓய்வு எடுங்க. ஒரு வாரம் பாரம் தூக்காதீங்க, சைக்கிள் மிதிக்காதீங்க. கத்தியில்லாத முறைன்னா தையலே கிடையாது. ஆனா மூணு மாசத்துக்கு ஆணுறை கட்டாயம். அப்புறம் விந்துப் பரிசோதனை பண்ணிப் பாத்துட்டுத்தான் அதை நிறுத்தணும். சம்சாரத்துக்கிட்டயும் சொல்லி வைங்க.